பெருக்காத பெருக்கி

சோடியம் முனைக்குச் சொல்ல ஒன்று உண்டு,
சொல்லும் தெம்பு இல்லை.
இருநூறு மெகா ஓம் கண்ணாடிக்குப் பின்னால் நின்று
சில மில்லிவோல்ட்டை முனகுகிறது.
யாராவது கை நீட்டினால் அதுவும் போய்விடும்.

முதல் நாள் ஏடிசியில் நேராகச் செருகினேன்.
ஒவ்வொரு முறை அளக்கும்போதும்
அதன் வயிற்றிலிருக்கும் குட்டிக் கெபாசிட்டர்
ஒரு மடக்கு குடித்தது.
அடிக்கடி கேட்டால் குறைத்துச் சொன்னது,
விட்டு விட்டுக் கேட்டால் வேறொன்று.
ஒரே தம்ளர் தண்ணீர்தான்,
மேசை மேல், அசையாமல்.

"நடுவுல ஒரு ஆள் வேணும்" என்றாள் மெஹராஜ்,
முத்துப்பேட்டை பஸ் போன பிறகும்
சால்டரிங் அயர்னைக் கீழே வைக்காமல்.
கேட்டுக்கொண்டு, எதையும் எடுத்துக்கொள்ளாத ஆள்.
கேட்கும் பக்கம் கையைக் கட்டிக்கொண்டு
கொடுக்கும் பக்கம் வாரி இறைக்க வேண்டும்.

டிராயரில் கிடந்தது ஒன்று, ஒன்பது ரூபாய்ச் சரக்கு.
இன்புட்டில் எண்பது நானோ ஆம்பியர் கேட்கும் என்று
தாளில் தெளிவாகப் போட்டிருக்கிறது,
நான்தான் பார்க்கவில்லை.
எண்பது நானோ, இருநூறு மெகா.
பெருக்கினால் பதினாறு வோல்ட்.
பேட்டரியே ஐந்து.
கூரையில் முட்டிக்கொண்டு அப்படியே நின்றது.
அதற்கு எல்லா நீரும் கடல்.

அன்று ராத்திரி டேட்டாஷீட்டுகள்,
கீழே மிக்ஸி கடை ஷட்டர் இறங்கிய பிறகும்.
வேகமானவையெல்லாம் பசியோடு வந்தன.
பசியில்லாதது மெத்தனமாக இருந்தது.
மெத்தனம் போதும் எங்களுக்கு.
ஓதம் ஏற ஆறு மணி நேரம் எடுத்துக்கொள்கிறது,
யாருக்கு அவசரம்?
நூற்று எண்பத்தைந்து ரூபாய், கூரியர் தனி.
பெயர் பெருக்கி. பெருக்கம் ஒன்று.
வந்தது வந்தபடியே வெளியே போகும்.
இதற்கா நூற்று எண்பத்தைந்து என்று
கீழ்க்கடை குணாளன் பில்லைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

வெளிவாயில் பத்து நானோ ஃபாரட் வைத்தேன்,
ஏடிசி மொண்டு குடிக்க ஒரு குட்டை.
நேரே மாட்டியதும் சாமியாடியது.
நடுவில் நூறு ஓம் போட்டதும் அடங்கியது.

அப்புறம் ஐப்பசி.
பெட்டிக்குள் ஈரம், எண்கள் வழுக்கின.
போர்டைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தால்
இன்புட் காலுக்குப் பக்கத்தில் என் கட்டைவிரல் ரேகை.
அதன் வழியாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது
நான் வெட்டாத வாய்க்கால்.
ஆல்கஹாலில் கழுவினோம்.
பிறகு புதுப் போர்டு.
வெளியே வரும் அதே வோல்ட்டை
செம்பு வளையமாக இன்புட்டைச் சுற்றி ஓடவிட்டோம்.
வரப்பின் இரு பக்கமும் ஒரே மட்டம் நீர் நின்றால்
நண்டு வளை இருந்தும் கசிவில்லை,
இதை எந்தப் பாடத்திலும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை.

அடப்பாற்றில் கடைசி ரெகுலேட்டர்.
லஸ்கர் இன்னாசிமுத்து குடையைத் தோளில் இடுக்கி
டார்ச்சை அடித்துப் பார்த்தார்.
அறுபத்து மூன்று. அறுபத்து மூன்று. அறுபத்து மூன்று.
"நிக்குதே" என்றார்.
"நிக்கணும்னுதான் ரெண்டு மாசம்."
"ஆத்துத் தண்ணி இப்படி நிக்காதும்மா.
போன வருஷம் ஆபீஸ்ல குடுத்த மிஷினும்
செத்த பொறவு ஒரே நம்பர்தான் காட்டுச்சு."

எனக்குப் பதில் இல்லை.
மெஹராஜ் பேட்டரி வயரை அசைத்துப் பார்த்தாள்.
மழை விட்டு, மறுபடி பிடித்தது.
ஆற்றில் மிதந்த ஆகாயத்தாமரை
எந்தப் பக்கமும் போகவில்லை.

அறுபத்து நான்கு.
அவர்தான் முதலில் பார்த்தார்.
அறுபத்து நான்கு. அறுபத்தாறு.
தாமரை மெல்ல மேற்கே திரும்பியது.
எழுபதுக்கு முன்னாலேயே
அவர் சக்கரத்தைச் சுற்றத் தொடங்கியிருந்தார்,
பல்லுக்குப் பல் துரு கிரீச்சிட
மூன்று ஷட்டரும் ஒவ்வொன்றாக இறங்கின.

ஏறி வந்து கையை லுங்கியில் துடைத்துக்கொண்டு,
"பேட்டரி எத்தினி நாளு வரும்?"
"ஆறு மாசம்."
"அறுப்பு வரைக்கும் வந்தாப் போதும்."